சுவரில் தெரிந்த ஒரு சதவீதம்

அந்த ரத்தப் பரிசோதனை லேபில் எல்லோரும் அவளை முறைப்பக்கா என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் ஒருவருக்கும் கிடையாது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஸ்டோர் ரூமில் காகிதப் பெட்டிகளை அடுக்க வந்தவள் அவள். சர்வர் அறையில் இருந்தவர் வேறு வேலை கிடைத்துச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட, "வேற ஆள் வர்ற வரைக்கும் இந்த மிஷினைக் கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்றார்கள். வேறு ஆள் இன்றுவரை வரவில்லை. அவளே புத்தகம் வாங்கிப் படித்து, திரையில் ஓடும் எண்களோடு மல்லுக்கட்டி, எந்த எண் எதற்கு என்று கற்றுக்கொண்டாள். முட்டாள்களைப் பொறுத்துக்கொள்ள மட்டும் அவள் கடைசிவரை கற்றுக்கொள்ளவேயில்லை.

முட்டாள்களுக்கு அங்கே என்ன பஞ்சம்! அவர்களுக்கெல்லாம் தலைவர் மேனேஜர். தன் அறைச் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, சர்வர் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்ற ஒரே ஒரு எண்ணைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அதில் தெரியவைத்திருந்தார். அறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், தான் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல அதைக் காட்டுவார். அந்த எண் என்ன சொல்கிறது என்று கேட்டால் மட்டும் அவசரமாக யாருக்காவது போன் பேச வேண்டியிருக்கும்.

லேபில் அப்போது பெரிய தலைவலி ஒன்று இருந்தது. இருபத்துநாலு கிளைகளிலிருந்தும் காலை எட்டு மணிக்கு முடிவுகள் வந்துவிடும். பத்து மணிக்குள் நோயாளிகளுக்குப் போக வேண்டிய ரிப்போர்ட்டுகள் சாயங்காலம் நாலு மணிவரை சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தன. போனில் ஜனங்கள் கிழித்தெடுத்தார்கள். ஒரு நாள் மேனேஜர் ரிப்போர்ட் பிரிவுக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த ஆறு பெண்களும் திரையில் ஒன்றும் வராததால் கையைக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். மனிதருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"என் ரூம்ல போய்ப் பாருங்க, பன்னெண்டு சதவீதம். மிஷின் காத்து வாங்குது. நீங்களும் கதை பேசறீங்க. அப்ப லேட் ஆகறது யாரால?" என்றார். மாதக் கடைசிக்குள் பத்து மணிக்கு ரிப்போர்ட் போகவில்லை என்றால் ஆறு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு, கம்பீரமாக நடந்து போனார்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி முறைப்பக்காவின் நாத்தனார். கட்டினவன் கைவிட்டுப் போன பிறகு, மகளோடு அண்ணன் வீட்டு முன்னறையில் இருக்கிறவள். அந்த வேலை ஒன்றுதான் அவளைத் தலைநிமிர்ந்து நடக்க வைத்திருந்தது. அன்று சாயங்காலம் சமையலறையில் நின்று அழுதாள்.

"வேலை போச்சுன்னா நான் என்ன அண்ணி பண்ணுவேன்? எல்லாருக்கும் பாரமா எத்தனை நாள் இருக்கிறது?"

"அந்த ஆளுக்குப் பயந்து அழறியா? அவருக்கு டிவி ரிமோட்டே சரியா பிடிக்கத் தெரியாது. நான் இருக்கேன்ல? வெங்காயத்தை நறுக்கு" என்றாள் முறைப்பக்கா.

மறுநாள் காலை மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "சார், அந்த மிஷினுக்குள்ள எட்டு பிராசஸர் இருக்கு. எட்டு கவுண்டர்னு வெச்சுக்குங்க. நம்ம ரிப்போர்ட் புரோகிராம் மொத்தமும் ஒரே கவுண்டர்லதான் போய் நிக்கும், அப்படித்தான் அதை எழுதியிருக்காங்க. அந்த ஒண்ணு நூறு சதவீதம், மூச்சுத் திணறுது. மத்த ஏழும் ஈ ஓட்டுது. எட்டையும் கூட்டி எட்டால வகுத்தா வர்றதுதான் உங்க பன்னெண்டு."

"அதான் பன்னெண்டுதானே? அதைத்தானே நானும் சொல்றேன்?"

தலையில் அடித்துக்கொள்ளத் தூக்கிய கையை முடியை ஒதுக்குவதுபோல இறக்கிவிட்டு, எட்டுப் பிராசஸரையும் தனித்தனிக் கோடாகக் காட்டும் படத்தை நீட்டினாள். ஒரு கோடு உச்சியைத் தொட்டது. மற்ற ஏழும் தரையில் படுத்துக் கிடந்தன. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, நெடுநேரம் பார்த்தார்.

"இந்த ஒண்ணு நல்ல உழைப்பாளியா இருக்கே! பேசாம பெரிய மிஷினா ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம்."

வாங்கியே போட்டார். முப்பத்திரண்டு பிராசஸர். அந்தப் பழைய புரோகிராம் வழக்கம்போல அதில் ஒன்றின் தலையில் மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. சுவரில் பன்னிரண்டு போய் மூன்று வந்தது. எண் குறைந்த சந்தோஷத்தில் மேனேஜர் குதிகுதியென்று குதித்து, எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார். ரிப்போர்ட் அன்றும் நாலு மணிக்குத்தான் முடிந்தது. "இனிமே மிஷின் மேல பழி போட முடியாதுல்ல?" என்று சொல்லி, கேக் தின்ற வாயைத் துடைக்கும் முன்பே ஆறு பேருக்கும் வேலைநீக்கக் கடிதம் அடிக்கச் சொன்னார். மாதம் முடியப் பத்து நாள் இருந்தது.

முறைப்பக்கா நேரே புரோகிராம் எழுதியவரிடம் போனாள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதுவரை ஒரு துரும்பையும் நகர்த்துவதில்லை என்று விரதம் பிடித்த வழுக்கைத் தலையர் அவர்.

"பதினஞ்சு வருஷமா ஓடறதும்மா. கை வெச்சா எங்கே போய் முடியுமோ!"

"ஓடறதா? நொண்டுது! இருபத்துநாலு கிளைக்கும் தனித்தனியா ஒரு பிரதி ஓடற மாதிரி பிரிச்சுக் குடுங்க, அது போதும். ஆறு பொண்ணுங்க வேலை போச்சுன்னா, அவங்களை வரிசையா உங்க மேஜை முன்னாடிதான் கொண்டாந்து நிறுத்துவேன்."

மனிதர் சோம்பேறிதான், ஆனால் மண்டையில் சரக்கு இல்லாதவர் இல்லை. ஒரு வாரத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு முறைப்பக்காவின் திரையில் இருபத்துநாலு கோடுகள் ஒன்றாக எழுந்து நின்றன. பத்தொன்பது வருடத்தில் அவள் அதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை, கண் கலங்கிவிட்டது. எட்டேமுக்காலுக்குள் எல்லாம் முடிந்தது. ஒன்பதரைக்குப் பெண்கள் கடைசி ரிப்போர்ட்டையும் அனுப்பிவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். போன் மணி ஓய்ந்தது.

மேனேஜர்தான் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "எழுபத்தஞ்சு! என் கண்ணால பாத்தேன், எழுபத்தஞ்சு! யாரும்மா மிஷினை இப்படிப் போட்டு அடிக்கிறது?"

"சார், ரிப்போர்ட் எல்லாம் போயாச்சு. வேலை செஞ்சா எண் ஏறத்தான் செய்யும்."

"ரிப்போர்ட் போனது நான் போட்ட போடுல, அந்தப் பொண்ணுங்க பயந்து வேலை செஞ்சதால. எழுபத்தஞ்சு உங்களால. நாளைக்குக் காலையில பழையபடி மூணு வரணும்."

இந்த மண்டையில் இனி ஆணி அடித்தாலும் இறங்காது என்று அவளுக்குத் தோன்றியது. பழையபடி மாற்றினால் நாத்தனார் வேலை போய் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் புரோகிராமில் கை வைக்கவில்லை, டிவியில் கை வைத்தாள். அந்த நேரத்து எண்ணுக்குப் பதிலாக, கடந்த இருபத்துநாலு மணி நேரத்தின் சராசரி தெரியும்படி செய்தாள். பொய் சொல்வது அவளுக்குப் பிடிக்காது, அதனால் அது சராசரி என்பதைக் கீழே சின்ன எழுத்தில் போட்டும் வைத்தாள். காலையில் அரை மணி நேரம் பாடுபட்டு மீதி நாளெல்லாம் ஓய்ந்திருக்கும் மிஷினுக்கு என்ன சராசரி வரும்? மறுநாள் சுவரில் தட்டு அளவுக்கு ஒன்று என்ற எண் தெரிந்தது. சின்ன எழுத்தை மேனேஜர் படிக்கவில்லை. அவர் எதைத்தான் படித்தார்?

மாதக் கடைசியில் கூட்டம் போட்டார். "பன்னெண்டு, மூணு, ஒண்ணு!" என்று விரலை மடக்கிக் காட்டினார். ஆறு கடிதங்களையும் எல்லோர் முன்னாலும் கிழித்துப் போட்டார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முறைப்பக்கா மனசுக்குள் சிரித்துக்கொண்டாள், இந்த ஆளை ஏமாற்ற ஒரு எண் போதும் என்று.

கூட்டம் முடிந்ததும் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டிவிக்குக் கீழே மேஜையில் அவள் பேருக்கு ஏழாவதாக ஒரு கடிதம் இருந்தது.

"ஒரு சதவீதம் ஓடற மிஷின்மா. அதை நாள் பூரா பாத்துட்டு உக்கார ஒரு ஆள் எதுக்கு? மேலிடத்துல கேக்கறாங்க, நான் என்ன பதில் சொல்றது?"

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த அறைக்குப் போய், டிவியில் சராசரியை எடுத்துவிட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நாளைக் காலை எட்டேகாலுக்குச் சுவரில் எழுபத்தைந்து எரியும், காவலுக்கு ஆள் எதற்கு என்று அந்த ஆளுக்கே தெரிந்துவிடும். உடனே பழையபடி மாற்றச் சொல்லுவார். மறுபடி நாலு மணி ஆகும். மறுபடி ஆறு கடிதம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாத்தனார் ரிப்போர்ட்டுகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி பார்ப்பதைக் கண்டு, உறையோடு கையைத் தூக்கி ஆட்டினாள்.

"சரிங்க சார்" என்றாள் முறைப்பக்கா. பத்தொன்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவள் அந்த அறையில் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "பாத்தீங்களா? எண்ணைக் காட்டி நிதானமா எடுத்துச் சொன்னா யாருக்கும் புரிஞ்சிடும்" என்றார்.