த்ராஸோன் செய்த முகம்

மலோவி எங்கள் பட்டறைக்கு வந்தபோது அவனுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. எகிப்துக்கும் தெற்கே, கூஷ் நாட்டுக்காரன். சண்டையில் பிடிபட்டு, பல கை மாறி ஏதென்ஸ் சந்தைக்கு வந்து சேர்ந்தவன். அவனை விலைக்கு வாங்கிய எங்கள் முதலாளி த்ராஸோன், கரியன் என்றுதான் கூப்பிடுவார். கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டுகிற நான் மட்டும் மலோவி என்பேன்.

ஒருநாள் த்ராஸோன் அவனை வெளிச்சத்தில் உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துப் பார்த்து மண்ணில் பிடித்தார். என்னத்தைப் பார்த்தாரோ! மலோவிக்கு ஒடுங்கிய முகம், மெல்லிய உதடு. மண்ணில் வந்ததோ தடித்த உதடும் சப்பை மூக்கும் பல்லிளிப்பும். கறுப்பர் எல்லோரையும் எதியோப்பியன் என்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு, எதியோப்பியன் என்றால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். மலோவி சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அதற்கு அச்சு எடுத்து, தலை வடிவக் கோப்பைகளாகச் செய்து தள்ளினோம். ஒரு பக்கம் பளபளக்கும் கறுப்பு முகம், மறுபக்கம் மண் நிறத்திலேயே விட்ட ஒரு கிரேக்கப் பெண். விருந்துகளில் திருப்பித் திருப்பிக் காட்டிச் சிரிப்பார்கள். விளிம்போரம் 'த்ராஸோன் செய்தது' என்று எழுதியிருக்கும். அச்சில் மண்ணை அமுக்குகிற வேலை யாருக்கு? மலோவிக்குத்தான்.

புது ஒயின் திறக்கிற திருவிழாவில் அடிமைகளும் முதலாளிகளோடு உட்கார்ந்து குடிக்கலாம். யார் எங்கே போகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. அந்த வருஷம் மலோவி கூட்டத்தோடு கூட்டமாக நழுவி, பிரேயஸ் துறைமுகத்துக்கு நடந்துவிட்டான். எகிப்துக்குக் கிளம்பவிருந்த ஒரு கப்பலில், சோறு போட்டால் போதும், எந்த வேலையும் செய்கிறேன் என்று கேட்டிருக்கிறான். கப்பல்காரனும் சரி என்றுவிட்டான்.

ஆனால் அங்கே மாலுமிகள் குடித்துக்கொண்டிருந்தது எங்கள் கோப்பையில். ஒருவன் அதை மலோவியின் கன்னத்தோடு ஒட்டவைத்துப் பார்த்து, "டேய், இவன்தாண்டா இது," என்றிருக்கிறான். விளிம்பில்தான் பெயர் இருக்கிறதே. விசாரித்து, நேரே எங்கள் வாசலுக்கே இழுத்து வந்துவிட்டார்கள்.

த்ராஸோன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. மாலுமிகளுக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"எங்க வேணா ஓடுடா கரியா. உனக்கு முன்னாடியே உன் மூஞ்சி போய் இறங்கியிருக்கும். கூடவே என் பேரும்."

அடுத்த கப்பலுக்குச் சரக்கு வேண்டும், அச்சை எடு என்றார். மலோவி எடுத்தான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் தம்பி, அது உன் மூஞ்சியே இல்லையே. நான் இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல?"

மண்ணை அமுக்கிக்கொண்டே பதில் சொன்னான்.

"சொன்னேன்க்கா. கோப்பையை இன்னொரு தடவ நல்லாப் பாத்துட்டு, பொய் சொல்றான்னுட்டாங்க."