சீரியல் முடியும் வரை

லைன்மேனுக்குக் கண் மேலே கம்பியில் இருக்க வேண்டும். இவருக்கோ எப்போதும் தரையில்தான். மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டே வயல்வழியாக நடக்கிறவர், பருப்புக்கீரை கண்ணில் பட்டால் சும்மா வரமாட்டார். கருவிப் பையில் குறடோடு குறடாக ஒரு கட்டுக் கீரையும் வீடு வந்து சேரும்.

ஒருமுறை எந்தப் புண்ணியவானோ வரப்பில் களைக்கொல்லி அடித்துவிட்டுப் போயிருந்தான். அது தெரியாமல் பறித்து வந்துவிட்டார். வீடே வாந்தி எடுத்தது. விருந்துக்கு வந்த மைத்துனர் ஆஸ்பத்திரியில் படுத்தார். தப்பு கீரைமேல் இல்லை, மருந்துமேல் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

மகள் சட்டம் போட்டுவிட்டாள். அப்பா முதலில் சாப்பிட வேண்டும். சாயங்கால சீரியல் முடியும்வரை அவருக்கு ஒன்றும் ஆகாவிட்டால் மற்றவர்கள் சாப்பிடலாம். அதற்குள் கீரை ஆறிச் சில்லிட்டுவிடும். "ஆறிப்போச்சுப்பா, நாளைக்குப் பார்க்கலாம்" என்பாள். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஒரு நாளாவது சூடாக, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பெற்ற மகளுக்கே அவர்மேல் நம்பிக்கை இல்லை என்பதுதான் அவருக்குப் பெரிய குறை.

அன்றைக்கும் தனியாகச் சாப்பிட்டார். சீரியலில் மாமியார் அழ ஆரம்பித்தபோது இவர் வயிறு கடமுடா என்றது. மத்தியானம் பேக்கரியில் தின்ற ஊசிப்போன க்ரீம் பன்! பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக இருக்கப் பார்த்தார். முடியவில்லை. கழிவறைக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது மகள் சட்டியோடு குப்பைத்தொட்டி அருகே நின்றாள். மனைவியோ தட்டில் கீரையைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா?"

"கீரைல ஒண்ணும் இல்லடி. அடுப்புல இருந்து இறக்கினதுமே ரெண்டு வாய் தின்னுட்டேன். நான் தின்னு பார்க்காம உங்கப்பாவுக்கு என்னைக்குப் போட்டிருக்கேன்?"

அப்படியானால் இத்தனை நாளும் முதல் வாய் அவருடையதே இல்லை. நெஞ்சு நெகிழ்ந்தது, அதே வேகத்தில் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"அதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா, சூடா இருக்கும்போதே ஒண்ணா உட்கார்ந்திருக்கலாமேடி!"

சொல்லி முடிப்பதற்குள் வயிறு மறுபடியும் கூப்பிட்டது.