அம்மா சைக்கிளில் போன தூரம்

யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் சைக்கிள் ஓடவும் தெரியும் என்பதுதான் அது. அங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும், மீன் விற்கிறவரும், பூசைக்குப் போகிற ஐயரும், சேலை கட்டிய ரீச்சரும் சைக்கிளில்தான் போவார்கள். அதனால் ஒருவரைப் பார்த்து உனக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமா என்று கேட்கிற வழக்கமே அவர்களிடம் இல்லை. யாராவது ஒருவர் நேரகாலத்தோடு என் அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், நான் இதை எழுதவேண்டி வந்திராது.

அம்மா யாழ்ப்பாணம். அப்பா கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே படித்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பனியில் கிளார்க்காக இருந்தவர். கொழும்பில் எந்த பஸ் எந்தச் சந்தியில் திரும்பும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அம்மாவின் வீட்டாருக்கு அவர் எப்போதும் ‘கொழும்பு மாப்பிள்ளை’தான். சண்டை நின்றிருந்த சமாதானக் காலத்தில் ஒரு தடவை அங்கே போனபோது, கிணற்றில் வாளியை விட்டவர் கயிற்றையும் சேர்த்து விட்டுவிட்டார். பனங்கிழங்கைத் தும்போடு விழுங்கப் பார்த்தார். அவ்வளவு போதாதா? அம்மாவின் சொந்தக்காரர் கூடுகிற இடமெல்லாம் அந்த வாளியும் கூடவே வந்துவிடும்.

இந்தப் பகிடியில் பெரிய ஆள் மாமா. அம்மாவின் ஒரே தம்பி, வெள்ளவத்தையில் இருந்தார். அப்பாவும் லேசில் விடமாட்டார். தான் இளந்தாரியாக இருந்தபோது நீர்கொழும்புவரை சைக்கிளில் போய்வந்ததாகவும், அதில் பாதித் தூரம் ஹாண்டிலைப் பிடிக்காமலே போனதாகவும் ஒரு கதை வைத்திருந்தார். மாமா வாளியை எடுத்தால் அப்பா நீர்கொழும்பை எடுப்பார். நான் அந்தக் கதையை முழுசாக நம்பினேன். அம்மாவும் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

சண்டை முடிந்து, வீதித் தடைகள் ஒவ்வொன்றாக எடுபட்ட காலம் அது. அதற்கு முன்னர் பொழுதுபட்டால் எங்களுக்கு வெளியில் பெரிய அலுவல் எதுவும் கிடையாது. முடக்குக் கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கவேண்டும். அந்தப் பயம் கொஞ்சம் விட்டதும் மாமாவும் கூட்டாளிகளும் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார்கள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாட்களில் இரவில் எல்லோருமாகச் சைக்கிளில் ஊரைச் சுற்றுவது. அன்றைக்கு லொறிகள் குறைவு, நிலவும் இருக்கும். ஆணும் பெண்ணுமாக, கதைத்துச் சிரித்து, வழியில் தின்றுகொண்டு போவார்கள். பின்னால் ஓர் ஓட்டோ, தண்ணீர்ப் போத்தல்களும் காற்றடிக்கிற பம்பும் ஏற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, இந்தப் போயாவுக்குக் கொட்டாஞ்சேனையில இருந்து வெளிக்கிடப்போறம். நீங்களும் அத்தானும் கட்டாயம் வரவேணும். சைக்கிள் நான் கொண்டுவாறன்.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே, “ஏன் வராம? நாங்க இல்லாம என்னத்துக்கு?” என்றார்.

அந்த ஒரு கிழமை, ஏழு நாளும், அம்மா என்னை ஒருதரம்கூட ஏசவில்லை. ஊரில் இருந்தபோது அவர் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில் பறந்தவர். எதிர்க்காற்றில் பெடியன்களை முந்திக்கொண்டு போவார் என்று மாமா சொல்லியிருக்கிறார். கலியாணமாகி வந்தபிறகு சைக்கிளைத் தொடவில்லை. அப்பா வேண்டாம் என்று சொன்னதில்லை. கொட்டாஞ்சேனையில் பெண்கள் சைக்கிள் ஓடுவதில்லை, அவ்வளவுதான். இப்போது மாமா லேடீஸ் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே விட்டிருந்தார். அம்மா அதைத் துடைத்தார், செயினுக்கு எண்ணெய் விட்டார், சீற்றைத் தன் உயரத்துக்கு ஏற்றினார். ஆனால் ஏறி ஓடிப் பார்க்கவில்லை. நல்ல சீலையை அலுமாரியில் வைத்துக் கலியாண நாள்வரை காத்திருக்கிற மாதிரி, அந்த இரவுக்காகவே வைத்திருந்தார். பழைய பாவாடை ஒன்றை எடுத்து, செயினில் அகப்படாதபடி அடியை மடித்துத் தைத்ததும் எனக்கு ஞாபகம்.

அதே கிழமை அப்பா வீட்டுக்குப் பிந்தி வந்துகொண்டிருந்தார். கப்பல் வந்திருக்கிறது, வேலை கூட என்றார். ஒருநாள் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பஸ்ஸில் இறங்கும்போது சறுக்கிவிட்டது என்றார். கொழும்பு பஸ்ஸைப் பற்றித் தெரிந்த எவரும் அதற்குமேல் கேள்வி கேட்கமாட்டார்கள்.

போயா இரவு எங்கள் லேனுக்குள் மணிச்சத்தம் திரண்டு வந்தது. மாடிவீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள். அப்பாவுக்கென்று உயரமான, பார் போட்ட சைக்கிள் ஒன்று வந்திருந்தது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ரயரை அமுக்கினார். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டார். “காத்துக் காணாது போல” என்றார். பம்பு வந்தது. பிறகு சீற் உயரம் என்றார். அதையும் பதித்துக் கொடுத்தார்கள்.

“நீங்க முன்னுக்குப் போங்க. நான் பின்னுக்கு வாறன். யாராவது ஒரு ஆள் கடைசியா வரத்தானே வேணும்?”

அம்மா என்னைக் கரியரில் ஏற்றினார். ஒரு காலைப் பெடலில் வைத்து, மற்றக் காலால் நிலத்தை இரண்டு உந்து உந்தி, அப்படியே சீற்றில் உட்கார்ந்தார். இத்தனை வருடமும் அவர் அதை விட்டிருந்தார் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். சைக்கிள் ஒரு நெளிவு நெளியவில்லை. லேனைத் தாண்டி, பெரிய வீதியில் திரும்பி, கொச்சிக்கடைப் பக்கம் இறங்குகிற சரிவில் விட்டார். காற்று முகத்தில் அடித்தது. அம்மாவின் பின்னல் என் மூக்கில் அடித்தது. முன்னால் போன ஒரு பெடியனை மணியடித்து முந்தினார். அப்போது அம்மா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னர் வீட்டில் கேட்டதில்லை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் சிரிப்பு.

பிறகு திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். எல்லோரும் எங்களுக்கு முன்னாலோ பக்கத்திலோ வந்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் லேன் வாசல் விளக்கின் கீழ் அப்பா மட்டும் நின்றார். ஒரு கால் பெடலில், ஒரு கால் நிலத்தில். கெந்திக் கெந்திக் கொஞ்சத் தூரம் வந்தார், நின்றார். மறுபடி கெந்தினார், நின்றார். அப்பா சும்மா விளையாடுகிறார் என்று நினைத்து நான் கைகாட்டினேன்.

அம்மா பிரேக்கைப் பிடித்தார். இறங்கி, என்னையும் இறக்கி, சைக்கிளை மதிலோடு சாத்தினார். மாமா திரும்பி வந்து என்ன அக்கா என்று கேட்டபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடைபாதைக் கல்லில் இருந்துவிட்டார்.

“முழங்கால் பிடிச்சிட்டுது தம்பி. என்னால ஏலாது.”

“இப்பதானே பறந்தனீங்கள்! சரி, நீங்கள் ஓட்டோவில வாங்கோ. அத்தான் சைக்கிளில வரட்டும்.”

“இல்லை, இல்லை. எனக்குத் தலையும் சுத்துது. இவர் பக்கத்தில இருக்கவேணும்.” பிறகு, கெந்தி வந்து சேர்ந்த அப்பாவை நிமிர்ந்து பார்த்து, “இஞ்சருங்கோ, என்னோட ஓட்டோவில வாங்கோ” என்றார்.

கூட்டம் ஓவென்று கூச்சல் போட்டது. இத்தனை வயதுக்குப் பிறகும் அத்தானை விட்டுப் பிரிய மனமில்லை என்று கேலி பண்ணினார்கள். அப்பா முகத்தைச் சுருக்கி, “நல்ல நேரத்திலதான் உனக்கு முழங்கால் நோகும். எவ்வளவு ஆசையா வெளிக்கிட்டனான்!” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். இரண்டு சைக்கிளையும் எங்கள் லேனில் விட்டார்கள். அப்பா அம்மாவைக் கைத்தாங்கலாக ஓட்டோவில் ஏற்றினார். நான் மாமாவின் கரியருக்கு மாறினேன்.

அந்த இரவு எனக்கு நல்ல இரவு. கோட்டையில் கடைகள் பூட்டி, வீதி முழுக்க எங்களுக்கே சொந்தமாகக் கிடந்தது. காலிமுகத்திடலில் இறால் வடை தின்றோம். கொள்ளுப்பிட்டியில் இருந்து ரயில் பாதையும் கடலும் ஒரு பக்கமாகக் கூடவே வந்தன. சில நேரம் ஓட்டோ எங்களோடு சமமாக வரும். அப்பா டிரைவரோடு எதையோ சத்தமாகக் கதைத்துக்கொண்டிருப்பார். அம்மா வெளியில் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பார்த்தது கடலை இல்லை. பக்கத்தில் வந்த பெண்களின் கால்கள் பெடல் மிதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த போயாவுக்கும் மாமா கேட்டார். முழங்கால் என்றார் அம்மா. அதற்கடுத்ததற்கும் அதுதான் பதில். பிறகு மாமா கேட்பதை விட்டார், பிறகு கனடாவுக்குப் போனார், கூட்டமும் கலைந்தது. அப்பாவுக்கு மட்டும் புதுக் கதை ஒன்று கிடைத்தது. “உங்கம்மாவாலதான் அண்டைக்கு என்ட ஓட்டம் கெட்டது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அம்மா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து வைப்பார்.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடத்தில், கொழும்பில் கோட் போட்டவர்களெல்லாம் சைக்கிளில் ஏறினார்கள். பஸ்ஸும் ஒழுங்கில்லை. அப்பாவுக்கு ஓய்வுபெறச் சில மாதங்கள்தான் இருந்தன. நீங்களும் ஒரு சைக்கிள் எடுங்களேன் அப்பா, நீர்கொழும்பு போன ஆளல்லவா என்றேன்.

அப்பா சப்பாத்துக்குள் காலை நுழைத்தபடி, “எனக்கு ஓடத் தெரியாது மகள்” என்றார். அவ்வளவு சாதாரணமாக. அந்தப் போயாவுக்கு முந்தின கிழமை துறைமுக வாட்சரின் சைக்கிளில் பின்னேரம் பின்னேரம் பழகப் பார்த்ததையும், விழுந்ததையும், கடைசிவரை சமநிலை பிடிபடாததையும் தானாகவே சொன்னார். சொல்லிவிட்டு நடந்தே வேலைக்குப் போனார்.

நான் அம்மாவிடம் ஓடினேன். “உங்களுக்குத் தெரியுமா?”

“அண்டைக்குத் திரும்பிப் பார்த்தனான்தானே.”

“அப்பாவை ஓட்டோவில ஏத்திட்டு நீங்க போயிருக்கலாமே அம்மா!”

“போயிருக்கலாம். உன்ர மாமா அந்த வாளியை விட்டிட்டு இதைப் பிடிச்சிருப்பான். இந்த மனிசன் தலை நிமிர்ந்திருக்காது.” அரிசியைக் களைந்து தண்ணீரை ஊற்றினார். பிறகு, “ஆனா போயிருக்கலாம்தான்” என்றார்.

அந்தக் கடைசி வசனத்தை நான் இன்றைக்கும் தாங்கமாட்டாமல் இருக்கிறேன். அம்மா செய்ததைத் தியாகம் என்று சொல்லிக் கைதட்ட எனக்கு மனமில்லை. எனக்குக் கோபம்தான். அப்பாவின் பொய் ஒரு சின்னப் பொய், பகிடிக்குப் பயந்த பொய். அதைக் காப்பாற்ற ஒரு மனுசியின் பெரிய ஆசை போயிற்று. அதைவிட மோசம், அந்த வருடம் நான் ஒரு சைக்கிள் வாங்கி வந்து கொடுத்தபோது அம்மாவுக்கு உண்மையாகவே முழங்கால் தேய்ந்து போயிருந்தது. டொக்டர் படி ஏறவே வேண்டாம் என்றிருந்தார். அம்மா சைக்கிளைத் தடவிப் பார்த்து, “நல்ல சைக்கிள். நீ ஓடு பிள்ளை” என்றார்.

அந்தப் போயா இரவில் வெள்ளவத்தையில் மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டு நாங்கள் ஓட்டோவிலேயே வீடு திரும்பினோம். அப்பா படுத்தவுடன் குறட்டை விட்டார். எனக்கு நித்திரை வரவில்லை. அம்மாவுக்குத்தான் அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று பாவமாக இருந்தது. குசினிக்குள் போய் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து, கட்டிலில் கால் நீட்டி இருந்த அம்மாவின் முழங்காலில் தடவத் தொடங்கினேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சநேரத்தில் அவருடைய கன்னம் நனைந்திருந்ததைக் கண்டேன்.

“சரியா நோகுதா அம்மா?”

“ஓம் பிள்ளை.”

நான் இன்னும் அமர்த்தித் தேய்த்தேன். கை உளையும்வரை தேய்த்தேன். காலையில் அம்மா ஒரு நொண்டலும் இல்லாமல் நடந்து திரிந்தார். என் கை பட்டுத்தான் அம்மாவுக்குச் சுகம் வந்தது என்று நான் லேன் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.