அளக்காமல் விட்ட பாதம்

இரத்தத்தைத் தள்ளுவதற்கு இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி எதுவும் இல்லை. திசுக்களில் கசிந்து நிற்கும் நீரைத் தோலுக்கடியிலுள்ள நுண்குழாய்கள் மெல்ல மேலேற்றி, தொடையிடுக்கின் கணுக்கள் வழியாகக் கொண்டுபோய், கழுத்தருகே இரத்தத்தில் சேர்க்கின்றன. வீங்கிய காலை நீவுகிறவர் முதலில் தொடையிடுக்கில் வழி திறக்க வேண்டும். பிறகு தொடை, முழங்கால், பாதம் கடைசியில். ஒவ்வொரு நீவலும் மேல்நோக்கி, தோல் சற்றே நகரும் அளவுக்கு மட்டும். மருத்துவக் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் உடற்கூறு கற்பித்தேன். இந்த ஒரு பாடத்தை மட்டும் உடன் பணியாற்றியவர்களிடம் ஒப்படைத்துவிடுவேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, சென்ற மாதம் இறந்தாள். இனி எழுதலாம்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஜெயங்கொண்டத்துக்கு மேற்கே, முந்திரிக் காடுகளைத் தாண்டி எங்கள் ஊர். விட்டுவிட்டு வந்த காய்ச்சலுக்குப் பிறகு அத்தையின் இடது கால் வீங்கத் தொடங்கியிருந்தது. யானைக்கால் என்ற சொல்லை வீட்டில் எவரும் உச்சரித்ததில்லை. ‘நீர் கோத்திருக்கு’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். விருத்தாசலத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எட்டு நாள் இருந்தது. அதற்குள் கால் வடிந்தாக வேண்டும்.

வேறு எவரும் தொடுவதை அத்தை விரும்பவில்லை. பள்ளிக்குப் போகுமுன் தைலம் தேய்த்து அமுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஏரிப் பாசனக்காரரான அப்பா முறையைச் சொல்லிக் கொடுத்தார்: “முழங்காலேர்ந்து பாதத்துக்கு நல்லா வழிச்சு வுடுடா. தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும்.”

என் பலம் முழுவதையும் கொடுத்தேன்.

“இது காலுடா, கரும்பு இல்ல. புழிஞ்சா சாறு வராது” என்று அத்தை சிரித்தாள். கண்ணில் நீர் இருந்தது. அதைச் சிரிப்பின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

நாள்தோறும் அப்பா ஒரு நூலைக் கெண்டைக்காலில் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டார். முடிச்சு உள்ளே நகர்ந்துகொண்டே வந்தது. வீடே மகிழ்ந்தது. பாதத்தில் நூலை வைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் அத்தை குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “கீழேருந்து மேல, சும்மா தடவிக் குடேன். அப்பதான்டா பாரம் எறங்குன மாதிரி இருக்கு.”

கொஞ்சம் தடவினேன். பிறகு ஐயம் வந்து, நேரே போய் அப்பாவிடம் சொன்னேன். நேர்மையான பையன் என்று எனக்குப் பெயர் உண்டு.

அப்பா வாசற்படியில் நின்றபடியே கேட்டார். “ஏம்மா, என்னைக்காச்சும் தண்ணி மேட்டுல ஏறிப் பாத்திருக்கியா?”

“இல்லண்ணே.”

மறுநாள் அவள் காலை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். நான் விட்ட குறையையும் சேர்த்து அமுக்கினேன்.

வந்தவர்கள் ஆறு பேர். கெண்டைக்காலைப் புடவை மறைத்தது. அத்தை குனிந்து வணங்கி எழுந்தபோது பாதம் வெளியே வந்தது. விரல்களுக்கிடையே இருந்த பிளவுகள் மூடிக்கொண்டு, தோல் எண்ணெய்ப் பானைபோல் பளபளத்தது.

“காலு ஏன் தாயி இப்புடி மினுங்குது?” என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

“வரப்புல சறுக்கி வுட்டுடுச்சுங்க” என்றாள் அம்மா.

“அப்புடிங்களா. போயிட்டுத் தகவல் சொல்லி அனுப்புறோம்.”

தகவல் வரவில்லை. அவளைப் பார்க்க வேறு எவரும் பிறகு வரவும் இல்லை. பின்னாளில், கற்றதைக் கொண்டு நானே அவள் காலை முறையாக நீவியிருக்கிறேன். தோல் அதற்குள் மரப்பட்டையாகிவிட்டிருந்தது. இந்த முறையை முதலில் சொன்னவள் தான்தான் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று மாலை, அவர்கள் வண்டி தெருமுனை தாண்டியதும் அப்பா மீண்டும் கெண்டைக்காலை அளந்தார். “கொறஞ்சுதானேடா இருக்கு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அத்தை தனக்கு வைத்திருந்த கேசரித் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். “எட்டு நாளாக் கை வலிச்சிருக்கும். நீயே சாப்புடு.”

தட்டைப் பிடித்திருந்த அவள் விரல்கள் நடுங்கின. குளிர்காய்ச்சல் தொடங்கியிருந்தது. என் உழைப்புக்குக் கிடைத்த பரிசு என்றெண்ணி, அவள் எதிரிலேயே உட்கார்ந்து, முழுவதையும் தின்றேன்.