எட்டடி பத்தங்குல விளக்கு

மாலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது விளக்கு அல்ல, எருமை. பால் சொசைட்டிக்குப் பக்கத்தில் இருந்த தெருவிளக்குக் கம்பத்தில் அது கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தேய்க்கத் தேய்க்க, மேலே வெள்ளைப் பூச்சுப் பூசிய தகரத் தட்டும் அதன் நடுவில் இருந்த பல்பும் ஆடின. எருமையின் முதுகுக்கும் அந்தத் தட்டுக்கும் இடையே ஒன்பது வயதான நான் நின்றிருந்தால் தலை இடித்திருக்கும்.

சித்தப்பா சைக்கிளை நிறுத்தினார். "எறங்கு கண்ணு," என்றார். குரல் மாறியிருந்தது.

சித்தப்பா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். குட்டையான தெருவிளக்குகளைத் தேடுவது அவருக்கு வழக்கம். எழுபதுகளின் நடுவில், தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரு பக்கமும் ஊர் ஊராகக் கரண்ட் வந்துகொண்டிருந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது உடைந்த கம்பங்களை யாரும் வீசிவிடவில்லை. உடைந்த துண்டை விட்டுவிட்டு மிச்சத்தை நட்டார்கள். சில இடங்களில் கம்பம் முழுசாக இருந்தது, பாதைக்குத்தான் மண் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். மற்ற ஊர்களில் ஏணி இல்லாமல் தொட முடியாத விளக்கு, இப்படிப்பட்ட இடங்களில் எகிறினால் கைக்கு எட்டிவிடும் போல இருந்தது.

இதே வழக்கம் அத்தையின் புருஷனுக்கும் இருந்தது. அவர் எனக்கு மாமா. இருவரிடமும் ஆளுக்கொரு நோட்டு உண்டு. விதிகளை அவர்களே வகுத்திருந்தார்கள். சுவரில் அடித்த விளக்கு சேராது. தரையிலிருந்து தட்டின் விளிம்புவரை அளக்க வேண்டும். பதினோரு அடிக்கு மேல் இருந்தால் நோட்டில் இடமில்லை. முக்கியமான விதி, விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்; எரியாததைக் குறித்து வைக்கலாம், கணக்கில் சேராது. மூன்று வருடத்தில் சித்தப்பா நாற்பத்தொரு விளக்குகள் சேர்த்திருந்தார். ஆனால் எல்லாவற்றிலும் குட்டையானது மாமாவின் நோட்டில்தான் இருந்தது. வாய்க்கால் கரையில், ஒன்பது அடி இரண்டு அங்குலம்.

எங்கள் வீடு பெருமாட்டிப் பக்கம், கேரளத்தில். அத்தை வீடு கோபாலபுரத்தைத் தாண்டி, பொள்ளாச்சி போகும் வழியில், தமிழ்நாட்டில். மாதம் ஒருமுறை சனிக்கிழமை சித்தப்பா என்னைக் கேரியரில் வைத்து அங்கே அழைத்துப் போவார். அந்த வருடம் அக்காவுக்கு டைபாயிடு வந்து தேறிக்கொண்டிருந்ததால் அம்மா வருவதில்லை. அத்தை வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்ப்பதற்குள் மாமா ஆரம்பித்துவிடுவார்.

"என்ன மாப்ளே, இன்னும் ஒம்பதரையிலயே நிக்கறீங்களாட்ட இருக்குது?"

"நீங்க ஊட்டுக்குப் பக்கத்துலயே வாய்க்காலை வெச்சிருக்கறீங்க மச்சா. நாங்க தேடிப் போகோணுமுங்க."

நான் உட்காருவதற்காக அம்மா பழைய சேலையில் ஒரு மெத்தை தைத்துக் கேரியரில் கட்டியிருந்தாள். போகும்போது அது மெதுவாக இருக்கும். ஒவ்வொரு முறையும் தையல் விட்டுப்போயிருப்பதாகச் சொல்லி அத்தை அதை உள்ளே எடுத்துப்போய்த் தைத்துக்கொண்டு வருவாள். திரும்பும்போது கெட்டியாக இருக்கும். ஒருமுறை முறையிட்டேன்.

"புதுசாத் தெச்சது அப்படித்தான் சாமி இருக்கும். உக்கார உக்கார சரியாயிரும்," என்றாள்.

திரும்பும் வழியில் சித்தப்பாவுக்கும் மூச்சு வாங்கும். ஆடிக் காற்று எதிரில் அடிக்கிறது என்பார். உண்மையில் அடித்தது.

அன்றும் அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தோம். எருமையை ஓட்டிவிட்டுச் சித்தப்பா இரண்டை ஒட்டித் தைத்த தையற்காரர் டேப்பை எடுத்தார். ஒரு நுனியை நான் தரையில் கால் கட்டை விரலால் அழுத்திக்கொண்டேன். சைக்கிளைக் கம்பத்தில் சாய்த்து, பாரில் ஏறி நின்று மூன்று முறை அளந்தார். எட்டு அடி பத்து அங்குலம். மாமாவின் விளக்கைவிட நாலு அங்குலம் குறைவு. நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். விளக்கு இன்னும் எரியவில்லை. கால் மணி நேரம் காத்திருந்தோம். வீட்டில் தேடுவார்கள் என்று கிளம்பினோம்.

இரண்டு பர்லாங்கு தாண்டியதும் மறித்தார்கள். தமிழ்நாட்டு அரிசி எல்லை தாண்டக்கூடாது என்று அப்போது தடை இருந்தது. அதற்காகப் புதிதாக ஒரு மூங்கில் தடுப்பு, ஒரு மேஜை, ஒரு அரிக்கேன் விளக்கு. தெற்கத்திப் பேச்சுப் பேசிய ஒரு அதிகாரி, கூட ஒரு போலீஸ்காரர். சித்தப்பாவின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த நோட்டைப் போலீஸ்காரர் எடுத்து அதிகாரியிடம் கொடுத்தார். அவர் விளக்கடியில் பிடித்துப் படித்தார். ஊர்ப் பெயர்களின் முதலெழுத்து, பத்தேகால், ஒன்பதரை, பத்தேமுக்கால், பக்கத்தில் 'எரிகிறது', 'எரியவில்லை'.

"இது என்னய்யா, மூட்டைக் கணக்கா?"

"தெருவெளக்குங்க சார். குட்டையா இருக்கறதைத் தேடிக் குறிச்சு வெக்கறனுங்க."

"எதுக்கு?"

சித்தப்பா நிறைய நேரம் யோசித்தார். "சும்மாதானுங்க," என்றார்.

அந்தப் பதில்தான் அவரை மாட்டிவிட்டது. விளக்கு எரியாத இடம் அரிசி மூட்டை இறக்கத் தோதான இடமாக இருக்கும் என்று போலீஸ்காரர் விளக்கம் சொன்னார். அதிகாரிக்கு அது பொருத்தமாகப் பட்டது. நோட்டை மேஜை டிராயருக்குள் போட்டார். பேரையும் பள்ளிக்கூடத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஜீப் வந்ததும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார். ஸ்டேஷனுக்குப் போன வாத்தியாரைப் பள்ளிக்கூடம் திரும்பச் சேர்க்குமா என்பது எனக்கே சந்தேகமாக இருந்தது. சித்தப்பாவோ டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மேஜைக்குப் பக்கத்தில் போனேன். "வந்து பாருங்க, நான் காட்டறேன். ரெண்டு பர்லாங்குதான். எட்டடி பத்தங்குலம். எருமை ஒண்ணு அங்கயேதான் நிக்கும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "எருமையையும் நோட்டுல எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. எருமை சேராதுங்க."

அவர் நோட்டை வெளியே எடுத்தார். ஜீப் இல்லாததால் சைக்கிளைக் காட்டினார். கேரியரில் மெத்தைமேல் ஏறி உட்கார்ந்தார். நல்ல கனமான ஆள். சித்தப்பா மிதித்தார். நானும் போலீஸ்காரரும் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனோம். சித்தப்பாவின் முகத்தை இறங்கியபின் பார்த்தேன். அதில் வியர்வை தவிர வேறெதுவும் இல்லை.

"மெத்தையாய்யா இது? கருங்கல்லு மாதிரி இருக்கு," என்று அதிகாரி பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"புதுசாத் தெச்சதுங்க. உக்கார உக்கார சரியாயிரும்," என்றேன்.

எருமை போய்விட்டிருந்தது. கம்பம் மட்டும் அங்கேயே இருந்தது. அதிகாரி அதன் கீழே போய் நின்று நிமிர்ந்து பார்த்தார். கையை உயர்த்தினார். நுனி விரலுக்குத் தட்டு எட்டவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, செருப்புக் காலோடு ஒரு எகிறு எகிறினார். தட்டு 'ணங்' என்றது. அப்போது சொசைட்டிக்காரர் கதவைப் பூட்டிவிட்டு வந்து, கம்பத்துப் பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டார். பல்பு எரிந்தது. எங்கள் நான்கு பேரின் நிழலும் காலடியில் வட்டமாக விழுந்தது. மணி ஆறு ஐம்பது.

சித்தப்பா பென்சிலோடு நின்றார். நோட்டு அவர் கையில் இல்லை. அதிகாரியே அந்தப் பக்கத்தைப் புரட்டிக் கேள்விக்குறியைக் கண்டுபிடித்து, பென்சிலை வாங்கி அடித்துவிட்டு, 'எரிகிறது' என்று எழுதினார். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்க ஊரு தேர்முட்டிப் பக்கம் ஒண்ணு இருந்துச்சு. பயலுக எகிறித் தொடுவோம். ஒம்பதடி இருக்கும்," என்றார்.

"அளந்து எழுதுங்க சார். சேத்துக்கலாமுங்க," என்றார் சித்தப்பா.

தடுப்பைப் போலீஸ்காரரே தூக்கிவிட்டார். சித்தப்பா அன்று காற்றைப் பற்றிக் குறை சொல்லவில்லை. மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் யாரும் விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது. அம்மா கேரியரிலிருந்து மெத்தையை அவிழ்த்து இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டே கேட்டாள்.

"வழியில ஆராச்சும் தடுத்தாங்களா?"

"தடுத்தாங்க. ஆபீசர் இது மேல உக்காந்துட்டுத்தான் வெளக்குப் பாக்க வந்தாரு."

அம்மா மெத்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அருகே போனேன், சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கம்பத்தின் உயரத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, அன்று மத்தியானம்தான் அத்தை தைத்த தையலை ஒரு ஓரத்தில் பிரித்தாள். அடியில் முறத்தை வைத்தாள்.

ரேஷன் கடைச் சிவப்பரிசிச் சோற்றை ஒரு வாரமாகத் தள்ளிவிட்டிருந்த அக்கா, அன்று இரண்டு கிண்ணம் வெள்ளைக் கஞ்சி குடித்தாள்.