கோட்டைக் காவல்காரனுக்கு ஒரு மெழுகுவர்த்தி

காய்ந்த காப்பிக்கொட்டையின் தூசி தொண்டையில் இறங்கினால் ஒரு கசப்பு நிற்கும். அந்தக் கசப்போடுதான் எனக்கு மங்கோலியர்கள் அறிமுகமானார்கள். எழுபதுகளின் கடைசியில், சேலத்துக்கு மேலே மலையில் மாரமங்கலத்துப் பக்கம் ஒரு எஸ்டேட் கிடங்கில், பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து சொத்தைக் கொட்டை பொறுக்க, பள்ளிக்கூடம் போகிறவள் என்ற ஒரே தகுதியில் நான் வாரப் பத்திரிகைத் தொடர்கதையை உரக்க வாசிப்பேன். பாரசீக மலைக்கோட்டையில் ஓர் இரகசியச் சபை. அதை அழிக்கக் குதிரையேறி வரும் மங்கோலியப் படை. கோட்டை வாசலில் மீசை அரும்பாத ஒரு காவல்காரன்.

மலையில் பனி இறங்கினால், "மங்கோலியன் வந்துட்டான்" என்பார்கள். விளையாட்டாகத் தொடங்கிய பேச்சுதான்; போகப்போக அந்தப் பனிக்குள் தனியாக நடக்க எங்கள் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

என் அம்மா மட்டும் அதற்குச் சிரித்ததில்லை. பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே பனிமலையில் காவல் நின்ற என் அண்ணனைக் காணவில்லை என்று அந்த மழைக்காலத்தில்தான் தந்தி வந்திருந்தது. அவள் கணக்கில் எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் எல்லோரும் மங்கோலியர்கள்தான்.

காவல்காரன் வெட்டுப்பட்டுச் செத்த வாரம், வாசித்துக்கொண்டிருந்த எனக்கே அழுகை வந்துவிட்டது. அம்மா நிதானமாக, "அளுவாத கண்ணு. அவங்களுக்கு ஒருத்தன் கெடைச்சுட்டான். இனி நம்ம பையனைத் தேடமாட்டாங்க" என்றாள்.

பக்கத்தில் இருந்த சூசையம்மா அத்தை, "ஏனுங்கக்கா, அது வெறுங் கதைங்க" என்றார்.

"இருக்கட்டும் சூச. அவனும் நொம்பச் சின்னப் பையன்தானே, பாவம்."



அடுத்த கல்லறைத் திருநாளில், எங்கள் குடும்பக் கல்லறையின் ஓரத்தில், அம்மா அந்தக் காவல்காரனுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அண்ணனுக்கும் ஒன்று ஏற்றச் சொன்னார் அப்பா. "உசுரோட இருக்கறவனுக்கு எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

இப்போது கொட்டை பிரிக்க எந்திரம் வந்துவிட்டது. கிடங்கு இருந்த இடத்தில் விடுதி நிற்கிறது. அந்தப் பத்திரிகையும் நின்றுபோயிற்று. அம்மாவும் அதே கல்லறைக்குள் போய்விட்டாள். நவம்பரில் சேலத்திலிருந்து பஸ் ஏறிப் போய் அவளுக்கு ஒன்றும் அந்தக் காவல்காரனுக்கு ஒன்றும் ஏற்றுகிறேன். அண்ணன் வரவே இல்லை. அவனுக்கும் ஏற்றிவிடு என்று கணவர் ஒவ்வொரு வருடமும் சொல்கிறார். நான் படித்தவள்தான், பேரன் பேத்தி எடுத்தவள்தான். ஆனாலும் கை வரவில்லை. ஏற்றிவிட்டால், இத்தனை காலம் நாங்கள் ஒளித்துவைத்திருந்தவனை அந்த மங்கோலியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.