தொப்பி தொங்கிய ஆணி

மாட்டுப் பண்ணைகள் சூழ்ந்த துலாரே ஊரில், அவிலா குடும்பத்து வீட்டு வரவேற்பறைச் சுவரில் நாலு ஆணிகள். மூன்றில், ஹைஸ்கூல் முடித்த அன்று அங்கி போட்டு எடுத்த படங்களில் அண்ணன்மார் மூவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நாலாவது லூர்தெஸுக்கு. அவள் பிறந்த வாரமே அப்பா மனுவேல் அடித்துவைத்தது.

பதினாறு வயதில் லூர்தெஸ் மாட்டின் விலாவைத் தட்டிக் கேட்டே வயிற்றுக் கோளாறைச் சொல்லிவிடுவாள். ஹைஸ்கூலில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கொட்டாவிதான். பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜில் கால்நடை அறிவியல் இருந்தது. ஒரு தேர்வில் தேறினால் பள்ளியை முடித்ததற்குச் சமம், எழுதினாள், தேறினாள். கடைசி வருட நடனம், மைதானத்தில் நடக்கும் பட்டமளிப்பு மேடை எல்லாம் போய்விடுமே என்று பள்ளி ஆலோசகர் உருகினார். உருகட்டும், அவரா அந்த வகுப்புகளில் உட்காரப் போகிறார்? பாக்கி இருந்தது, பள்ளியை விட்டு விலகும் படிவத்தில் அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான்.

அதுதான் மலையாய் நின்றது. மனுவேல் பதின்மூன்று வயதில், தான் பிறந்த அசோர் தீவில், கறவைக்காகப் பள்ளியை விட்டவர். நூறு மாட்டுக்குச் சொந்தக்காரர் ஆன பிறகும் கடிதம் வந்தால் மனைவியிடம் நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். படிவத்தை மேசையில் தள்ளிவிட்டார்.

"பாதியில விட்டவன் இந்த வீட்டுல நான் ஒருத்தன் போதும்."

"நீங்க மாடு கறக்க விட்டீங்கப்பா. நான் படிக்கிறதுக்குத்தான் விடுறேன்."

மூன்று நாள் படிவம் மேசையிலேயே கிடந்தது. நாலாம் நாள், விடியற்காலைக் கறவைக்குக் கிளம்பும்போது கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் திரும்பி வந்தவர் தொப்பியைக் கழற்றி அவளுடைய ஆணியில் மாட்டினார். லூர்தெஸுக்கு அழுகை முட்டியது. முட்டினால் என்ன, ஆகஸ்டில் காலேஜுக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் வேதியியல் வகுப்பில், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டுக் கையைத் தூக்கினாள். ஹைஸ்கூலில் அதற்கு அனுமதியின் அடையாளமாக ஒரு மரக்கட்டையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஆசிரியை ஒன்றும் புரியாமல் விழித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி ஓட்டும் அம்மாள்தான் காதோரம் சொன்னார்: "எழுந்து போயிட்டு வாம்மா. இங்க உன்னை யாரும் தேட மாட்டாங்க."

வராந்தாவில் தனியாக நின்று சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் எதற்கும் அனுமதி கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது அண்ணன்களுக்கு சூப்பு மூக்கில் ஏறியது. அப்பாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தார். தொப்பி மட்டும் இடம் மாறவில்லை.

கணக்கில் ஒருமுறை கவிழ்ந்து, மறுமுறை எழுந்தாள். இரண்டாம் வருட மே மாதம் அவளுக்குக் காலேஜ் அங்கி வந்தது. ஹைஸ்கூலில் கூடப் படித்தவர்களின் பட்டமளிப்பு மேடைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மனுவேல் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் முதல் வரிசையைப் பிடித்துவிட்டார். அவள் பெயரைக் கூப்பிட்டபோது வெட்கமில்லாமல் அழுதார்.

படம் வந்த அன்று அவரே தொப்பியை எடுத்துவிட்டுப் படத்தை மாட்டினார், கோணலைச் சரிசெய்தார். பிறகு கையில் தொப்பியோடு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி தொப்பிக்கு வேற ஆணி அடிக்கணும்," என்றார்.

பல்கலைக்கழகத்தில் மேலே படிக்க இடம் கிடைத்திருக்கும் கடிதத்தைக் காலையில்தான் அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தாள் லூர்தெஸ். சுத்தியலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ரெண்டா அடிங்கப்பா."